பெட்ரோல் தீர்ந்தால் பிளேன் என்ன ஆகும்?

நடுவானில் என்ஜின் நின்றால்... ரோட்டில் இறங்கிய விமானம் சொல்லும் பாடம்

விமானம் ரோட்டில் வந்து இறங்கியது!

ஆமாம், ரோட்டில்தான். லாரியும் பஸ்சும் ஓடுகிற அதே தேசிய நெடுஞ்சாலையில்தான்.

2025-ம் ஆண்டு நவம்பர் 13-ந்தேதி இது நடந்தது. இடம், புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கத்தில் உள்ள அம்மாசத்திரம். திருச்சியில் இருந்து புதுக்கோட்டைக்குப் போகும் பாதை. பட்டப்பகல் நேரம்.

அந்த விமானம் நம் பக்கத்து விமானம். சேலத்தில் இருந்து பறந்து வந்த பயிற்சி விமானம். ஒரே ஒரு என்ஜின் கொண்ட, செஸ்னா ரகத்தைச் சேர்ந்த சிறிய விமானம். உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். பறக்கும்போதே கோளாறு ஏற்பட்டது. விமான நிலையத்துக்குப் போய்ச் சேர முடியாத நிலை. கீழே நெடுஞ்சாலை நீளமாகத் தெரிந்தது. அதில் இறக்கிவிட்டார்கள்.

இரண்டு பேரும் உயிர் தப்பினார்கள். ரோட்டில் போனவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுற்று வட்டாரத்து ஜனங்கள் திரண்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

கோளாறு எதனால் வந்தது என்று கண்டுபிடிப்பது விசாரணை அதிகாரிகளின் வேலை. நாம் அதில் ஊகம் செய்ய வேண்டாம். ஆனால் ஒரு கேள்வி எல்லோர் மனதிலும் எழுந்தது.

வானத்தில் என்ஜின் நின்று போனால் என்ன ஆகும்? அது நிற்காமல் பார்த்துக்கொள்ள முடியாதா?

கணபதிப் பெரியவர் கேட்ட கேள்வி

கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிப் பேசினோம். கணபதி என்றால் சொல்ல வேண்டியதில்லை. லேத்து ஓடும் சத்தம் கேட்காத தெரு குறைவு. மோட்டார், பம்பு, வார்ப்படம் என்று இரும்போடு வாழும் ஊர். பீளமேடு விமான நிலையம் கிழக்கே கூப்பிடு தூரம். வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் இங்கே குழந்தைகள்கூட இப்போது அண்ணாந்து பார்ப்பதில்லை.

பெரியவர் சொன்னார்:

"ஏனுங்க தம்பி, தோட்டத்து மோட்டாரே நாலு நாளைக்கு ஒருக்கா மக்கர் பண்ணுது. மோட்டார் நின்னா நாம வரப்பு மேல உக்காந்து ரிப்பேர் பாக்கறோம். ஆகாசத்துல நின்னா எங்கீங்க உக்காருவாங்க?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் இருக்கிறது.

கல் மாதிரி விழாது

என்ஜின் நின்றதும் விமானம் கல்லைப் போலக் கீழே விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

விமானத்தைத் தூக்கிப் பிடிப்பது என்ஜின் அல்ல. இறக்கைதான். இறக்கையின் மீது காற்று வேகமாகப் பாயும் வரை விமானம் மிதக்கும். என்ஜின் அந்த வேகத்தைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். என்ஜின் நின்றால் விமானி முகப்பைச் சற்றுத் தாழ்த்துவார். பருந்து சிறகை அடிக்காமல் சறுக்கி இறங்குகிறதே, அதைப் போல விமானமும் சறுக்கும். மேட்டில் இருந்து மிதிக்காமல் இறங்கும் சைக்கிளும் இதே கதைதான்.

எவ்வளவு தூரம் சறுக்கும்?

செஸ்னா 172 என்ற விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1956 முதல் விற்பனைக்கு வந்து, உலகத்திலேயே மிக அதிக எண்ணிக்கையில் தயாரான விமானம் இது. இது ஒரு மீட்டர் இறங்குவதற்குள் சுமார் 9 மீட்டர் முன்னே போகும். அதாவது, தரையில் இருந்து 1000 மீட்டர் உயரத்தில் என்ஜின் நின்றால் ஏறக்குறைய 9 கிலோமீட்டர் போகலாம்.

கணபதிக்கு மேலே அந்த உயரத்தில் என்ஜின் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். பீளமேடு விமான ஓடுதளம் நேர்கோட்டில் சுமார் 7 கிலோமீட்டர். காற்று எதிர்த்து வீசாமல், விமானியும் பதறாமல் இருந்தால் எட்டிப் பிடித்துவிடலாம்.

ஆனால் 300 மீட்டர் உயரத்தில் நின்றால்? மூன்று கிலோமீட்டர்கூடப் போகாது. கீழே என்ன இருக்கிறது? வீடுகள், பட்டறைகள், பள்ளிக்கூடங்கள், சத்தி ரோட்டு நெரிசல். இறங்க ஒரு சிறு காலி நிலம் கிடைப்பதே அதிர்ஷ்டம்.

ஆகவே இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. விமானத்தில் ஏறாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. விமானத்துக்குக் கீழே வசிப்பவர்கள் நாம்தானே!

முதல் நிமிடத்தில் என்ன செய்வார்கள்?

என்ஜின் நின்ற விமானிக்குப் பள்ளியில் ஒரு வரிசை சொல்லித் தருகிறார்கள். மனப்பாடமாக இருக்க வேண்டும்.

முதலில், வேகத்தைப் பிடி. செஸ்னாவுக்கு மணிக்குச் சுமார் 125 கிலோமீட்டர். இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் என்ற ஆசையில் முகப்பைத் தூக்கினால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் இறக்கை காற்றைப் பிடிக்காது. அப்போதுதான் விமானம் உண்மையிலேயே விழும்.

இரண்டாவது, இடத்தைத் தேர்ந்தெடு. வயலோ, மைதானமோ, ரோடோ, ஒன்றை முடிவு செய்ய வேண்டும். கடைசி நேரத்தில் மனத்தை மாற்றக் கூடாது.

மூன்றாவது, காரணத்தைத் தேடு. பெட்ரோல் டாங்கியை மாற்றிப் பார், பம்பைப் போடு, என்ஜினைத் திரும்பக் கிளப்பிப் பார்.

நான்காவது, வானொலியில் "மே டே" என்று மூன்று முறை சொல். உயிருக்கு ஆபத்து, உதவி தேவை என்பதற்கு உலகம் முழுவதும் இதுதான் அடையாளச் சொல்.

கடைசியாக, தரையைத் தொடும் முன் பெட்ரோலை அடைத்துவிடு. தீப்பிடிக்காமல் இருக்கும். கதவைச் சற்றுத் திறந்து வை. மோதலில் கதவு சிக்கிக்கொள்ளாது.

இத்தனையும் சில நிமிடங்களுக்குள்! புறப்பட்ட உடனே என்ஜின் நின்றால் சில விநாடிகளுக்குள். அப்போது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, புறப்பட்ட ஓடுதளத்துக்கே திரும்பப் பார்ப்பது. திருப்பத்தில் உயரம் கரைந்துவிடும். அதில் மாண்டவர்கள் அநேகம். நேரே எதிரில் தெரிகிற இடத்தில் இறங்குவதே உத்தமம் என்று ஆசிரியர்கள் அடித்துச் சொல்கிறார்கள்.

கிணற்றில் தண்ணீர் இல்லையா, புட்வால்வு அடைத்ததா?

என்ஜின் ஏன் நிற்கிறது? பிஸ்டன் உடையலாம், வால்வு கெடலாம். அதற்காகவே விமான என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று போனால் மற்றொன்று. பொறி கொடுக்கும் மாக்னெட்டோவும் இரண்டு.

ஆனால் பல சமயம் என்ஜின் மீது எந்தக் குற்றமும் இருக்காது. அதற்குக் குடிக்கப் பெட்ரோல் கிடைத்திருக்காது. அவ்வளவுதான்!

இதில் இரண்டு வகை உண்டு. தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு உடனே புரியும். பம்பில் தண்ணீர் வரவில்லை என்றால் கிணறு வற்றியிருக்கலாம். அல்லது கிணற்றில் தண்ணீர் இருந்தும் புட்வால்வு அடைத்திருக்கலாம்.

விமானத்திலும் அதேதான். முதல் வகை, பெட்ரோல் அடியோடு தீர்ந்து போவது. இரண்டாம் வகை, டாங்கியில் பெட்ரோல் இருந்தும் என்ஜினுக்குப் போய்ச் சேராதது.

இரண்டாம் வகை எப்படி நடக்கும்?

சிறு விமானத்தில் இரண்டு இறக்கைகளிலும் டாங்கி இருக்கும். எந்த டாங்கியில் இருந்து எடுப்பது என்று திருப்புவதற்கு ஒரு பிடி உண்டு. காலியான டாங்கியில் பிடி இருந்தால், மற்ற டாங்கி நிறைந்திருந்தும் பயன் இல்லை.

ஜான் டென்வர் என்று அமெரிக்காவில் ஒரு புகழ்பெற்ற பாடகர் இருந்தார். 1997 அக்டோபர் 12-ந்தேதி, கலிபோர்னியா கடற்கரையில், தமது சிறிய விமானத்தில் தனியாகப் பறந்தார். அந்த விமானத்தில் டாங்கியை மாற்றும் பிடி விமானியின் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. திரும்பிக் கையை நீட்டினால்தான் எட்டும். அதைத் திருப்ப முயன்றபோது விமானம் கட்டுப்பாடு இழந்து கடலில் விழுந்தது என்று விசாரணையில் முடிவு செய்தார்கள். புறப்படும் முன்பே போதிய பெட்ரோல் போட்டிருந்தால் நடுவழியில் அந்தப் பிடியைத் தேட வேண்டிய அவசியமே வந்திராது.

இன்னொரு எதிரி தண்ணீர். பாதி காலியான டாங்கியில் இரவுக் குளிரில் உள்ளே ஈரம் படிந்து நீராகும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம். அடியில் போய்த் தங்கும். அதனால் ஒவ்வொரு நாளும் முதல் பயணத்துக்கு முன் டாங்கியின் அடியில் இருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். சிறு விமானத்தின் பெட்ரோல் வெளிர் நீல நிறம். அடியில் நிறமில்லாத குமிழி தெரிந்தால் அது தண்ணீர். வேறு நிறம் தெரிந்தால் தவறான எண்ணெய்!

மூன்றாவது எதிரி பனிக்கட்டி. நம் ஊர் வெயிலில் பனிக்கட்டியா என்று சிரிக்காதீர்கள். ஊசி போடும் முன் டாக்டர் கையில் ஸ்பிரிட் தடவுகிறார்; சில்லென்று இருக்கிறது அல்லவா? ஆவியாகும் பொருள் குளிர்ச்சி தரும். கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது அதே குளிர்ச்சி உண்டாகிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் உள்ளே பனி படிந்து வழியை அடைத்துவிடும். வெளியே இதமான வெப்பம் இருக்கும் நாளில்கூட இது நடக்கும். சூடான காற்றை உள்ளே விடுவதற்கு விமானியின் முன்னால் ஒரு கைப்பிடி வைத்திருக்கிறார்கள். சமயத்தில் அதை இழுக்கத் தெரிய வேண்டும்.

காற்று வாங்கும் வட்டி

இனி முதல் வகைக்கு வருவோம். பெட்ரோல் அடியோடு தீர்வது. இது வெறும் கணக்கு. பள்ளிக்கூடத்துப் பையன் போடக்கூடிய கணக்கு. ஆனாலும் பெரியவர்கள் தவறிவிடுகிறார்கள்.

ஒரு சிறு விமானம் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. மணிக்கு 35 லிட்டர் குடிக்கிறது. 400 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஊருக்குப் போக வேண்டும். காற்று இல்லாவிட்டால் 2 மணி நேரம். 70 லிட்டர் போதும்.

ஆடி மாதம் வருகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்குள் அடிக்கும் மேல்காற்று நமக்குத் தெரிந்ததே. மணிக்கு 50 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று வைத்துக்கொள்வோம். இப்போது தரையை வைத்துப் பார்த்தால் விமானத்தின் வேகம் 150 கிலோமீட்டர்தான். 400 கிலோமீட்டருக்கு 2 மணி 40 நிமிடம் ஆகும். பெட்ரோல் 93 லிட்டர். 23 லிட்டர் கூடுதல்!

"போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. சரிக்குச் சரி ஆகிவிடும்" என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். திரும்பும்போது வேகம் 250. ஆகும் நேரம் 1 மணி 36 நிமிடம். போக வர மொத்தம் 4 மணி 16 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 4 மணி. காற்று தள்ளிவிடும் நேரத்தைவிட இழுத்துப் பிடிக்கும் நேரம் அதிகம். அதனால் காற்று எப்போதும் ஒரு வட்டி வாங்கிக்கொண்டுதான் விடும்.

விதைத் தானியத்தைத் தொடாதே

அதனால்தான் இதற்கு ஒரு விதி இருக்கிறது. போய்ச் சேரத் தேவையான பெட்ரோல் போக, பகலில் இன்னும் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் பறக்கும் அளவுக்குக் கையிருப்பு வேண்டும். சர்வதேச விமான விதி கண்ணால் பார்த்துப் பறக்கும் சிறு விமானங்களுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு இது. மேலே சொன்ன விமானத்துக்கு அரைமணிக் கையிருப்பு 17½ லிட்டர்.

விவசாயி வீட்டில் விதைத் தானியம் என்று ஒன்று இருக்கும். வீட்டில் அரிசி இல்லை என்றாலும் அதில் கை வைக்க மாட்டார்கள். விமானத்தின் கையிருப்புப் பெட்ரோலும் விதைத் தானியம்தான். அதை நம்பிப் பயணத்துக்குத் திட்டம் போடுவது தவறு. எதிர்பாராதது நடந்தால் மட்டுமே அதைத் தொட வேண்டும்.

இதை மீறியதால் வந்த கொடுமையை உலகம் பார்த்திருக்கிறது. 2016 நவம்பர் 28-ந்தேதி, பிரேசில் நாட்டின் சாப்பகோயென்சி கால்பந்துக் குழு ஒரு வாடகை விமானத்தில் கொலம்பியாவுக்குப் போனது. அந்த விமானம் போக வேண்டிய தூரமும், முழு டாங்கியில் அது பறக்கக்கூடிய தூரமும் ஏறத்தாழ ஒன்றே. நடுவில் இறங்கிப் பெட்ரோல் போடவில்லை. ஊர் எட்டும் தூரத்தில் என்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்றன. மலையில் மோதி 77 பேரில் 71 பேர் மாண்டார்கள். இளம் விளையாட்டு வீரர்கள்! ஒரு நிறுத்தம் நின்றிருந்தால் அத்தனை பேரும் வீடு திரும்பியிருப்பார்கள்.

திருப்பதி வயலில் இறங்கிய பெரிய விமானம்

நம் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. அது பெரிய விமானம். ஆனால் பாடம் ஒன்றே.

1993 நவம்பர் 15-ந்தேதி. இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் விமானம் சென்னையில் இருந்து ஐதராபாத்துக்குப் போனது. அங்கே மூட்டமாக இருந்ததால் ஓடுதளம் சரியாகத் தெரியவில்லை. இறங்காமல் மேலே எழும்பினார்கள். இறங்கும்போது இறக்கையில் விரித்து வைக்கும் தட்டுகள் உண்டு. மேலே எழும்பியதும் அவற்றை மடக்க வேண்டும். அவை மடங்க மறுத்தன.

அப்படியே சென்னைக்குத் திரும்பினார்கள். எதிர்க்காற்றில் குடையை விரித்துக்கொண்டு சைக்கிள் மிதித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அந்த விமானமும் பறந்தது. வேகம் குறைந்தது, பெட்ரோல் கரைந்தது. சென்னை வரை வர முடியவில்லை. திருப்பதிக்கு அருகே நெல்வயலில் இறக்கினார்கள். விமானத்தில் இருந்த 262 பேரும் உயிர் பிழைத்தார்கள்! பெருமாள் காப்பாற்றினார் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். ஆனால், சென்னை வரை போதுமா என்று விரித்த தட்டுகளோடு கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால், வழியிலேயே ஒரு விமான நிலையத்தைத் தேடியிருப்பார்கள் என்பதும் உண்மை.

சமீபத்திலும் ஒரு சம்பவம் நடந்தது. 2025 ஜூன் 19-ந்தேதி, கவுகாத்தியில் இருந்து சென்னைக்கு வந்த பயணிகள் விமானம் சென்னையில் இறங்க முடியாமல் பெங்களூருக்குத் திரும்பியது. எரிபொருள் குறைந்துவிட்டது என்று விமானி "மே டே" சொன்னார். 160-க்கு மேற்பட்ட பயணிகளுடன் பத்திரமாக இறங்கியது. மானம் போகுமே என்று வாய் மூடி இருக்காமல் உரக்கச் சொன்னார் அல்லவா, அதனால் உடனே வழி கிடைத்தது.

ராத்தலா, கிலோவா?

கணக்கில் அளவு மாறினாலும் ஆபத்துதான். 1983 ஜூலை 23-ந்தேதி கனடா நாட்டில் ஒரு போயிங் விமானம். பெட்ரோல் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. கையால் கணக்குப் போட்டு எரிபொருள் நிரப்பினார்கள். அப்போதுதான் அங்கே ராத்தல் அளவில் இருந்து கிலோ அளவுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். தேவைப்பட்டது 22,300 கிலோ. ஆனால் ராத்தலுக்கு உரிய எண்ணை வைத்துப் பெருக்கிவிட்டார்கள். ஒரு கிலோ என்பது 2.2 ராத்தல். ஆகவே தேவையில் பாதிகூட டாங்கியில் இல்லை!

நடுவானில் இரண்டு என்ஜினும் நின்றன. நல்ல காலம், விமானி என்ஜின் இல்லாத சறுக்கு விமானம் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட பழைய ராணுவ ஓடுதளத்தில் இறக்கினார். 69 பேரும் தப்பினார்கள்.

கருவியை மட்டும் நம்பக் கூடாது, காகிதக் கணக்கை மட்டும் நம்பக் கூடாது என்பது இதில் இருந்து கிடைத்த பாடம். சிறு விமானிகள் இறக்கை மேல் ஏறி, டாங்கி மூடியைத் திறந்து, அளவுகோலை உள்ளே விட்டுப் பார்க்கிறார்கள். தானியக் குதிருக்குள் கையை விட்டுப் பார்க்கும் அதே வழக்கம்தான்!

மாட்டு வண்டியில் வந்த பெட்ரோல்

இந்திய விமானப் போக்குவரத்து தொடங்கியதே பெட்ரோல் கதையோடுதான். 1932 அக்டோபர் 15-ந்தேதி, ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில் இருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார். ஒற்றை என்ஜின் விமானம். நடுவில் அகமதாபாத்தில் இறங்கினார். அங்கே பெட்ரோல் எதில் வந்தது தெரியுமா? மாட்டு வண்டியில்! நாலு காலன் டின்களில் கொண்டுவந்து ஊற்றினார்கள். மாடு மெதுவாக வந்தாலும் பெட்ரோல் இல்லாமல் அவர் புறப்படவில்லை.

அதற்கு முன்பே, இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் பரிசு அறிவித்திருந்தார். 1930-ல் டாட்டா இங்கிருந்து அங்கே போனார். ஆஸ்பி என்ஜினியர் என்ற இளைஞர் அங்கிருந்து இங்கே வந்தார். எகிப்து நாட்டில் இருவரும் சந்தித்தார்கள். ஆஸ்பியின் விமானத்துக்கு ஸ்பார்க் பிளக் இல்லை. டாட்டா தம்மிடம் இருந்ததைக் கொடுத்தார். போட்டியாளருக்கே கொடுத்தார்! ஆஸ்பி சில மணி நேரம் முந்திப் பரிசை வென்றார். பிற்காலத்தில் அவர் இந்திய விமானப்படைக்கே தளபதி ஆனார்.

பரிசைவிட உயிர் பெரிது என்ற பண்பாடு அன்றே இருந்தது.

தவறு செய்வது யார்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பெட்ரோல் கணக்கில் தவறுவது யார்? பயிற்சி பெறும் பிள்ளைகள் என்றுதான் நினைப்பீர்கள்.

இல்லை!

அமெரிக்காவில் சிறு விமானங்கள் ஏராளம். அங்குள்ள போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011 முதல் 2015 வரை நடந்த விபத்துகளை ஆராய்ந்தது. பெட்ரோல் நிர்வாகத் தவறால் மட்டும் ஆண்டுக்குச் சராசரி 50-க்கு மேற்பட்ட விபத்துகள். அவற்றில் 56 சதவீதம் பெட்ரோல் அடியோடு தீர்ந்தவை. 35 சதவீதம் பெட்ரோல் இருந்தும் என்ஜினுக்குப் போகாதவை. கருவிக் கோளாறு 5 சதவீதம்தான். மற்றதெல்லாம் மனிதரின் தவறு.

அதில் மாணவர்களின் பங்கு எவ்வளவு? வெறும் 2 சதவீதம். ஏறக்குறைய பாதி விபத்துகளில் விமானம் ஓட்டுவதையே தொழிலாகக் கொள்ளும் தகுதிச் சான்று பெற்றவர்கள் மாட்டியிருக்கிறார்கள்.

ஏன்? மாணவன் பயப்படுகிறான், அளவுகோலை விட்டுப் பார்க்கிறான். அவன் தலைக்கு மேல் ஆசிரியர் இருக்கிறார். பழகியவருக்குப் பயம் போய்விடுகிறது. "எத்தனை தடவை போயிருக்கிறேன், போதும்" என்கிறார். வீட்டுக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்ற அவசரம் சேர்ந்துகொள்கிறது. நடுவில் ஒரு நிறுத்தம் நின்றால் அரைமணி வீண் என்கிறார். அந்த அரைமணிதான் உயிர்!

நம் பிள்ளைகள் படிக்கும் இடம்

கொங்கு நாட்டில் இன்று பல குடும்பங்கள் பிள்ளையை விமானியாக்க ஆசைப்படுகின்றன. பெண் பிள்ளைகளும் முன்வருகிறார்கள். நல்லதுதான். தொழில் விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறக்க வேண்டும். பல லட்சம் ரூபாய் செலவு. நிலத்தையும் நகையையும் வைத்துக் கடன் வாங்குகிறார்கள்.

ஆனால் எந்தப் பள்ளியில் சேர்க்கிறோம் என்று பார்க்கிறோமா?

2023 அக்டோபரில் மகாராஷ்டிர மாநிலம் பாராமதியில் ஒரே நிறுவனத்தின் இரண்டு பயிற்சி விமானங்கள் ஒரே வாரத்துக்குள் விழுந்தன. அங்கே பயிற்சியையே அரசு நிறுத்தி வைத்தது. 2025-ல் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் நாட்டில் உள்ள பயிற்சிப் பள்ளிகளுக்கு முதல் தடவையாகத் தர வரிசை கொடுத்தது. 35 பள்ளிகளில் ஒன்றுகூட "ஏ பிளஸ்" பெறவில்லை. "ஏ" தரமும் யாருக்கும் இல்லை. 13 பள்ளிகள் "பி". 22 பள்ளிகள் "சி".

"சி" வாங்கிய பள்ளி என்றால் விமானம் விழும் என்று அர்த்தம் இல்லை. பாதுகாப்பு, பயிற்சி நடத்தும் விதம், மாணவருக்கு உதவி என்று பலவற்றைச் சேர்த்துக் கொடுத்த மதிப்பெண் அது. ஆனாலும் முதல் இரண்டு தரத்தில் ஒருவர்கூட இல்லை என்பது யோசிக்க வேண்டிய செய்தி. பள்ளிகள் பெருகினால் மட்டும் போதாது. பரிசோதனையும் பெருக வேண்டும். தர வரிசை ஆண்டுக்கு ஆண்டு தமிழ்ப் பத்திரிகை படிக்கும் தாய் தகப்பனுக்கும் தெரியும்படி வர வேண்டும்.

பெற்றோர் பள்ளிக்குப் போனால் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். இவற்றையும் கேளுங்கள்:

பள்ளிக்கு என்ன தரம் கிடைத்தது?

விமானத்துக்கும் ஆசிரியருக்கும் ஓய்வும் பராமரிப்பும் எப்படி?

புறப்படும் முன் பெட்ரோலை அளந்து பார்ப்பது யார்? எழுதி வைக்கிறார்களா?

வானிலை சரியில்லை, இன்று போக மாட்டேன் என்று மாணவன் சொன்னால் பாராட்டுவார்களா, திட்டுவார்களா?

கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் பெரியது. "வேண்டாம், திரும்பிவிடுகிறேன்" என்று சொல்லும் மாணவனைக் கோழை என்று கேலி செய்யும் இடத்தில் பிள்ளையை விடக் கூடாது.

பெரியவரின் நோட்டு

இத்தனையும் கணபதிப் பெரியவரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து, எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டை எடுத்தார். ஒவ்வொரு பம்பும் பட்டறையை விட்டுப் போகும் முன் எத்தனை நேரம் ஓட்டிப் பார்த்தார்கள், யார் பார்த்தார்கள் என்று தேதி வாரியாக எழுதியிருந்தது.

"நாப்பது வருசமா எழுதறனுங்க. நல்லா ஓடற மோட்டாருக்கு எதுக்குங்க நோட்டுன்னு பசங்க சிரிப்பாங்க. நம்ம மோட்டாரு நின்னா ஒருத்தன் தோட்டம் ஒரு நாளு காயும். அவ்வளவுதானுங்க. அதுக்கே நான் எழுதறன். ஆகாசத்துல போறவங்க எழுதாம இருக்கலாமுங்களா?"

இருக்கக் கூடாது.

என்ஜின் எப்போதாவது கெடும். அதை மனிதனால் முழுவதும் தடுக்க முடியாது. ஆனால் டாங்கியில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு தூரம் போக வேண்டும், காற்று எந்தப் பக்கம் என்ற மூன்று கேள்விகளுக்குப் புறப்படும் முன்பே பதில் எழுதிவிடலாம். அதற்கு வேண்டியது ஒரு பென்சிலும், பத்து நிமிடப் பொறுமையும்தான்.